மாதிரி நிரலுக்கும் கணக்காய்வு வேண்டும்

ஒரு நிரல்நூலகத்தின் கையேட்டைத் திறப்பவர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது விளக்கத்தை அல்ல, அதன் கீழே பெட்டிக்குள் இருக்கும் மாதிரியைத்தான். விளக்கம் நீளமான ஆங்கில வாக்கியங்களாக இருக்கும். மாதிரியோ நான்கு வரி. அதைப் படியெடுத்துத் தன் திரையில் ஒட்டுவார். ஓடினால் தன் தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். புகலிட நாட்டு மொழியை இருபது வயதுக்குப் பிறகோ நாற்பது வயதுக்குப் பிறகோ கற்ற எம்மவர் நிரலாக்கம் பயிலும்போது இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். கேட்டுத் தெளியப் பக்கத்தில் ஆளில்லாதவருக்கு அந்த நான்கு வரிதான் ஆசிரியர். அந்த ஆசிரியர் பிழையாகச் சொல்லிக்கொடுத்தால் என்ன நடக்கும், அவரைச் சரியாக வைத்திருக்க என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீடுகளில் இந்தத் துறையில் காலடி வைக்கும் பிள்ளைகள் அதிகம். அவர்களின் பெற்றோருக்கும் இது விளங்கவேண்டும்.

நான் கணினித்துறை ஆள் இல்லை. வணிகமாணிப் பட்டத்தோடு அகதியாக வந்து கணக்கு வேலை செய்கிறவன். எக்செல் தாள்கள் திறக்கவே முடியாத அளவுக்குப் பெருத்த காலத்தில் பைதன் மொழியைப் பிடித்தேன். மாத முடிவு வேலைகள் பலவற்றை இப்போது அதில்தான் செய்கிறேன். ஆகவே நான் தரும் உதாரணங்களும் அந்தப் பக்கத்திலிருந்தே வரும்.

நிரல்நூலகம் என்பது பிறர் எழுதிவைத்த, நாம் எடுத்துப் பாவிக்கக்கூடிய நிரல்களின் தொகுதி. பைதனில் அட்டவணைகளைக் கையாள்வதற்குப் 'பாண்டாஸ்' என்றொரு நூலகம் உண்டு. வெஸ் மக்கின்னி என்பவர் 2008 இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை செய்த காலத்தில் அதை எழுதத் தொடங்கினார். 2009 இல் அது எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. கரடிக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. 'பனல் டேற்றா' என்ற புள்ளியியல் சொல்லின் சுருக்கம் அது. நிதித்துறையில் பிறந்த நூலகம் என்பதால் கணக்காளருக்குக் கைக்கு வசதியானது.

இந்த நூலகத்தில் ஓர் அட்டவணையின் அடியில் புதிய வரி சேர்க்க 'அப்பெண்ட்' என்ற கட்டளை நெடுங்காலம் இருந்தது. கையேட்டில் அதற்கு அழகான மாதிரியும் இருந்தது. ஆயிரக்கணக்கான பாடக்குறிப்புகளும் காணொளிகளும் அந்த மாதிரியைப் பின்பற்றின. 2022 ஜனவரியில் வந்த 1.4 பதிப்பு, இந்தக் கட்டளை கைவிடப்படுகிறது என்று எச்சரித்தது. 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது. இப்போது 'கொன்கட்' என்ற கட்டளையைத்தான் பாவிக்கவேண்டும்.

நீக்கியதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டளை ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியின் அடியில் புதிய வரியைச் சேர்க்கும். பேரேட்டில் ஒரு வரி எழுதுவதற்கு முழுப் பேரேட்டையும் புதுக் கொப்பியில் பார்த்து எழுதுவது போல. 10,000 வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், மொத்தம் சுமார் 5 கோடி வரிகள் பிரதியாகும். மாதிரியில் இரண்டு வரி மட்டுமே இருந்ததால் இந்தக் குறை அதில் தெரியவே இல்லை. மாதிரி ஓடியது, விடையும் சரி. ஆனால் அதைப் பார்த்துப் பழகியவர் எல்லோரும் மெதுவான நிரலை எழுதப் பழகினார்கள்.

இங்கே ஒரு சமூக நிலையத்தில் வருமான வரிப் படிவம் நிரப்ப உதவிக்குப் போவேன். அங்கே வரும் ஒரு பெடியன், அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவன், தரவுப் பகுப்பாய்வு என்றொரு கற்கைநெறியில் சேர்ந்திருந்தான். பாடக்குறிப்பில் இருந்த 'அப்பெண்ட்' மாதிரியை எழுத்துக்கு எழுத்து அடித்திருக்கிறான். அப்படியொரு கட்டளையே இல்லை என்று கணினி சொல்லியிருக்கிறது. இரண்டு இரவு முழித்திருந்து ஒவ்வொரு காற்புள்ளியாகச் சரிபார்த்திருக்கிறான். "எனக்கு இது சரிவராது அங்கிள், மூளை காணாது" என்றான். பாடக்குறிப்பை எழுதியவர் பழைய பதிப்போடு நின்றுவிட்டார் என்பதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. அனுபவமுள்ளவர் பிழைச்செய்தியைக் கண்டதும் கையேட்டைச் சந்தேகிப்பார். புதியவர் தன்னைச் சந்தேகிப்பார். அதுவும் இந்த நாட்டில் ஒவ்வொரு அலுவலகத்திலும் 'உன்னுடைய படிப்பு இங்கே செல்லாது' என்று கேட்டுப் பழகியவர் தன்னைச் சந்தேகிக்க இரண்டு நிமிடம்கூட எடுக்கமாட்டார்.

அப்படியிருந்தும் அவன் கண்டது நல்ல வகைப் பிழை என்றே சொல்வேன். சத்தம் போட்டு நிற்கும் பிழை அது. சத்தம் போடாமல் வேறு விடை தரும் மாதிரிதான் ஆபத்து. பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. பழைய இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 ஆம் திகதியோடு நின்றது. இரண்டாம் பதிப்பில் 7 ஐ 2 ஆல் வகுத்தால் 3 வரும், மீதியைக் கணினி விட்டுவிடும். மூன்றாம் பதிப்பில் அதே வரி 3.5 தரும். இதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். மட்டந்தட்டலில் நடந்ததுதான் சூட்சுமம். இரண்டாம் பதிப்பில் 2.5 ஐ முழு எண்ணாக்கினால் 3. மூன்றாம் பதிப்பில் 2. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறை அது. 3.5 ஐக் கொடுத்தால் 4 வரும். எப்போதும் மேலே தள்ளினால் மொத்தத்தில் ஒரு பக்கச் சாய்வு வரும் என்பதால் புள்ளியியலில் இந்த முறைக்கு மதிப்புண்டு. ஆனால் பாதியை மேலே தள்ளு என்று விதி சொல்லும் கணக்கில் இதைப் பாவித்தால் சதக்கணக்கில் வித்தியாசம் வரும். பழைய மாதிரியைப் புதிய பதிப்பில் ஓட்டினால் எந்த எச்சரிக்கையும் வராது. மாதிரியின் கீழே அச்சாகியிருக்கும் விடையையும் தன் திரையில் வந்த விடையையும் ஒப்பிடுகிறவருக்குத்தான் தெரியும். யார் ஒப்பிடுகிறார்கள்?

கணினியே ஒப்பிடட்டும் என்று நினைத்தவர் ரிம் பீற்றர்ஸ். 2001 இல் வெளிவந்த பைதன் 2.1 பதிப்போடு அவர் எழுதிய 'டொக்டெஸ்ட்' என்ற கருவியும் சேர்ந்து வந்தது. பைதன் கையேடுகளில் மாதிரி வரிகளுக்கு முன்னால் மூன்று அம்புக்குறிகள் நிற்பதைப் பிள்ளைகளின் திரையில் கண்டிருப்பீர்கள். இந்தக் கருவி கையேட்டுக்குள் புகுந்து, அந்தக் குறியுள்ள வரிகளைப் பொறுக்கி எடுத்து, உண்மையாகவே ஓட்டிப் பார்க்கும். கிடைத்த விடையைக் கீழே அச்சாகியிருக்கும் விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். பொருந்தாவிட்டால் முறையிடும். நூலகத்தில் ஒருவர் ஏதாவது மாற்றம் செய்யும்போதெல்லாம் இதைத் தானாக ஓடவிடலாம். மாற்றம் உள்ளே போகமுன்பே எந்த மாதிரி உடைகிறது என்று தெரிந்துவிடும்.

ஏனைய மொழிகளும் தத்தம் வழியில் இதைச் செய்கின்றன. ரஸ்ட் மொழியில் கையேட்டுக் குறிப்புக்குள் எழுதும் மாதிரிகள், வழமையான சோதனைகளை ஓட்டும் அதே கட்டளையிலேயே ஓடிவிடும். கோ மொழியில் மாதிரியே ஒரு சோதனைதான். அதன் அடியில் எதிர்பார்க்கும் விடையை எழுதிவிட்டால் கணினி சரிபார்க்கும், எழுதாவிட்டால் மாதிரி இலக்கணப்படி சரியா என்று மட்டும் பார்க்கும். ஜாவா இந்த விடயத்தில் பிந்தித்தான் வந்தது. 2022 மார்ச்சில் வந்த 18 ஆம் பதிப்பில்தான், வெளியே சோதிக்கக்கூடிய கோப்பிலிருந்து மாதிரியைக் கையேட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது.

வணிகம் படித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். டொக்டெஸ்ட் என்பது ஒரு பரீட்சை மீதி. வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் பொருந்துகின்றனவா என்று அது பார்க்கும். பொருந்தாவிட்டால் நிச்சயம் எங்கோ பிழை. பொருந்தினால் பிழையே இல்லை என்று அர்த்தமா? உயர்தரத்தில் கணக்கீடு படித்த எவரும் இல்லை என்பார்கள். விடுபாட்டு வழு, கோட்பாட்டு வழு, ஈடுசெய் வழு என்று பரீட்சை மீதியில் பிடிபடாத வழுக்களை மனப்பாடம் செய்துதானே பரீட்சை எழுதினோம்.

முதலில் கோட்பாட்டு வழு. இயந்திரம் வாங்கிய செலவைத் திருத்தச் செலவில் பதிந்தாலும் மீதி பொருந்தும். பைதனில் உலகப் பொது நேரத்தைக் கேட்க 'யூரிசி நவ்' என்றொரு கட்டளை உண்டு. அது நேரத்தைச் சரியாகத் தரும், ஆனால் இது எந்த நேரவலயத்து நேரம் என்ற முத்திரையை வைக்காமல் தரும். அடுத்த படியில் அதை வினாடி எண்ணாக மாற்றச் சொன்னால், முத்திரை இல்லாததால் பைதன் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் இருக்கும் கணினியில் ஐந்தரை மணித்தியாலம் பிசகும். ரொறன்ரோவில் குளிர்காலத்தில் ஐந்து. இலண்டனில் குளிர்காலத்தில் பிசகே தெரியாது, கோடையில் ஒரு மணித்தியாலம் பிசகும். இலண்டனில் ஜனவரியில் மாதிரியை எழுதிச் சோதித்தவர் எல்லாம் சரி என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். 2023 ஒக்டோபரில் வந்த பைதன் 3.12, இந்தக் கட்டளையைப் பாவிக்கவேண்டாம், நேரவலயத்தைக் கூறியே நேரம் கேளுங்கள் என்று எச்சரிக்கத் தொடங்கியது. அதுவரை அந்த மாதிரிகள் எல்லாச் சோதனையிலும் சித்தியடைந்துகொண்டிருந்தன.

கணக்காளனாக எனக்கு ஒரு தனிப்பட்ட எரிச்சலும் உண்டு. தொடக்கநிலை மாதிரிகளில் பொருளின் விலையை 19.99 என்று சாதாரணத் தசம எண்ணாக எழுதுவார்கள். கணினி அப்படியான எண்களை இரும முறையில் கிட்டத்தட்டத்தான் வைத்திருக்கும். 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். காசுக்கு 'டெசிமல்' என்ற வகை பைதனிலேயே இருக்கிறது. கையேட்டு மாதிரியில் காசைக் கண்டால் அதைப் பாவித்திருக்கவேண்டும் என்பது என் கட்சி. நிரலாளர்கள் பலர் இதைப் பெரிதுபடுத்தமாட்டார்கள். அவர்கள் ஐந்தொகையில் ஒரு சதம் தேடி இரவு பத்து மணிவரை இருந்ததில்லை.

இன்னொரு வகை வழுவை எந்தக் கருவியும் பிடிக்காது. இயந்திரக் கற்றலுக்கான 'சைகிற் லேர்ன்' நூலகத்தில் பொஸ்ரன் நகர வீட்டு விலைகள் என்றொரு மாதிரித் தரவு இருந்தது. 506 வரிகள். 1978 இல் வந்த ஓர் ஆய்விலிருந்து எடுத்தது. வீட்டு விலையை எதிர்வுகூறுவது எப்படி என்று படித்த ஒரு தலைமுறை மாணவர்களுக்கு அதுதான் பாடம். அந்தத் தரவின் ஒரு நெடுவரிசை, அப்பகுதியில் வாழும் கறுப்பின மக்களின் வீதத்திலிருந்து கணக்கிட்ட எண். இனப் பிரிப்பு வீட்டு விலையைப் பாதிக்கிறது என்ற எடுகோளோடு அமைந்தது. மாணவர்கள் அதைப் பார்க்காமலே பாவித்தார்கள். மாதிரி ஓடியது, விடையும் பொருந்தியது. நூலகத்தைப் பராமரிப்பவர்கள் 1.0 பதிப்பில் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2022 டிசம்பரில் 1.2 பதிப்பில் நீக்கினார்கள். இப்போது யாராவது அதைக் கேட்டால், ஏன் நீக்கப்பட்டது, பதிலாக எதைப் பாவிக்கலாம் என்று பிழைச்செய்தியிலேயே விளக்கம் வருகிறது. கட்டளையை நீக்குகிறவர்கள் எல்லோரும் இப்படிச் செய்தால் எங்கள் பெடியன் இரண்டு இரவு முழித்திருக்கவேண்டி வந்திராது. எந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து மனிதரை எடைபோட்ட பட்டியல்களை எங்கள் ஊரிலும் கண்டவர்கள் நாங்கள். ஒரு மாதிரிக்குள் என்ன தரவு இருக்கிறது என்று வாசித்துப் பார்ப்பது சின்ன வேலை இல்லை.

சோதனைக் கருவி சில நேரம் வேண்டாத சத்தமும் போடும். 2024 ஜூனில் எண்கணித நூலகமான 'நம்பை'யின் 2.0 பதிப்பு வந்தபோது, விடைகளைத் திரையில் காட்டும் முறை மாறியது. முன்பு வெறுமனே 3.0 என்று காட்டியதை, இப்போது எண்ணின் வகைப்பெயரைச் சேர்த்து அடைப்புக்குள் 3.0 என்று காட்டியது. எண் மாறவில்லை, உடை மட்டும் மாறியது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கருவிக்கு அது விளங்குமா? நம்பையை நம்பியிருந்த நூலகங்களின் கையேட்டு மாதிரிகள் கூட்டம் கூட்டமாகத் தோற்றன.

இப்படியான வேளைகளில்தான் ஒரு கெட்ட பழக்கம் தொற்றும். டொக்டெஸ்டில் ஒரு வரிக்குப் பக்கத்தில் 'இதைத் தவிர்' என்று குறியிடலாம். இணையத் தொடர்பு வேண்டிய மாதிரி, ஒவ்வொரு முறையும் வேறு விடை தரும் மாதிரி ஆகியவற்றுக்கு அந்தக் குறி நியாயமானது. ஆனால் அவசரத்தில் தோற்ற மாதிரிக்கெல்லாம் அந்தக் குறியைப் போட்டுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று போய்விடுவார்கள். இதுதான் தொங்கல் கணக்கு. வித்தியாசத்தைத் தற்காலிகமாக அதில் போட்டுப் பரீட்சை மீதியைப் பொருத்திவிடலாம். தற்காலிகம் என்று போட்டது ஐந்து வருடம் கிடக்கும். ஒரு நூலகத்தின் கையேட்டை நம்பலாமா என்று அறிய நான் முதலில் தேடுவது, அதில் எத்தனை மாதிரிகள் இப்படித் தவிர்க்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான்.

பழையதைத் தேடிப் புதியதை இட்டு நிரப்பிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு மாத முடிவின் கதையைச் சொல்லவேண்டும். பாண்டாஸ் நூலகத்தில் மாத முடிவுத் திகதிகளை வரிசையாகக் கேட்க 'எம்' என்ற ஒற்றை எழுத்துப் போதுமாக இருந்தது. 2024 ஜனவரியில் வந்த 2.2 பதிப்பு, இனி 'எம்ஈ' என்று எழுதுங்கள் என்றது. காலாண்டுக்கும் ஆண்டுக்கும் அப்படியே ஓர் எழுத்துக் கூடியது. மாதத் தொடக்கமா, முடிவா என்ற குழப்பம் இதனால் தீர்ந்தது, கணக்காளருக்கு நல்ல மாற்றம். ஆனால் அதே நூலகத்தில் திகதி வேறு, காலப்பகுதி வேறு. ஜனவரி 31 என்பது திகதி. ஜனவரி என்ற முழு மாதம் காலப்பகுதி. காலப்பகுதிக்கு இன்றும் 'எம்' தான் சரி, 'எம்ஈ' என்றால் பிழை. கையேடு முழுவதும் ஒரேயடியாக மாற்றினால், சரியாக இருந்த மாதிரிகளையும் உடைத்துவிடுவோம். ஒவ்வொரு மாதிரியும் எதைப் பற்றிப் பேசுகிறது என்று விளங்கி மாற்றவேண்டும்.

புதுமை என்பதற்காக மட்டும் மாற்றுவதும் சரியில்லை. பைதன் 3.6 இல், 2016 இறுதியில், எழுத்துத் தொடருக்குள் மாறியை நேரடியாக இடும் வசதி வந்தது. வாசிக்க எளிது, புதிய மாதிரிகளை அப்படி எழுதலாம். அதற்கு முன்னைய முறையும் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஒரு நூலகம் எந்தப் பழைய பதிப்புவரை ஆதரவு தருகிறதோ, அந்தப் பதிப்பிலும் மாதிரி ஓடவேண்டும். எல்லோரிடமும் புதிய கணினி இல்லை. பழைய மாதிரியை ரிப்பெக்ஸ் பூசி அழித்தது போல அழிப்பதும் கூடாது. கணக்கேட்டில் பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டி, சரியானதை மேலே எழுதி, கையொப்பம் வைப்போமே, அதுபோல 'இந்தப் பதிப்பில் கைவிடப்பட்டது, பதிலாக இது' என்று கையேட்டில் குறிப்பு நிற்கவேண்டும். பழைய நிரலைக் கையில் வைத்திருப்பவர் என்ன நடந்தது என்று அறிய வேறு வழி இல்லை.

இப்போது பலர் கையேட்டைத் திறக்காமல் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறார்கள். அந்தச் செயலிகள் பயின்றதும் இதே பக்கங்களில்தான். நீக்கப்பட்ட 'அப்பெண்ட்' கட்டளையை அவை இன்னமும் எழுதித் தருவதுண்டு.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்றால், பெரும்பகுதி தொண்டர்கள். 2018 மார்ச்சில் பாண்டாஸ் கையேட்டைத் திருத்துவதற்கென்றே பல நாடுகளின் நகரங்களில் ஆர்வலர்கள் ஒரே நாளில் கூடி, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்தெடுத்து வேலை செய்தார்கள். பெரிய நிரலாளராக இருக்கத் தேவையில்லை. புதியவர் கண்ணுக்குத்தான் உடைந்த மாதிரி முதலில் படும். நூலகத்தின் ஆகப் பிந்திய பதிப்பைத் தனியாக நிறுவி, மாதிரியை அப்படியே ஓட்டி, பதிப்பு எண்ணையும் பிழைச்செய்தியையும் முழுமையாகக் குறித்து, திருத்தம் தெரிந்தால் அதையும் எழுதி அனுப்பவேண்டும். ஐந்து வரி எளிய ஆங்கிலம் போதும். பராமரிப்பவர் திருப்பி ஏதாவது கேட்பார், பதில் சொல்லவேண்டும். ஏற்றுக்கொண்டால் அந்தத் திருத்தம் அனுப்பியவர் பெயரோடு பொதுவெளியில் நிற்கும். உள்ளூர் அனுபவம் உண்டா என்று கேட்கும் நேர்முகத்தில் காட்ட அது ஒரு சான்று. அதனால் மட்டும் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை.

பெயர் பொதுவெளியில் நிற்பது எங்கள் எல்லோருக்கும் உவப்பானதாக இராது. ஊரில் உறவுகள் இருப்பவர்கள், விண்ணப்பம் முடியாதவர்கள் யோசிப்பார்கள். இத்தகைய திட்டங்கள் பல நடக்கும் கிற்ஹப் தளத்தில் புனைபெயரில் கணக்குத் திறக்கலாம். பெயரை மாற்றினாலும், அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்துக்குள்ளும் மின்னஞ்சல் முகவரி பொதிந்து போகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தளத்தின் அமைப்புகளில் அதை மறைத்து, தளமே தரும் மாற்று முகவரியைப் பாவிக்கும் தெரிவு உண்டு. முதலாவது திருத்தத்தை அனுப்ப முன்பே அதைச் செய்துவிடவேண்டும். பிறகு மாற்றினாலும் முன்னர் போன திருத்தங்களில் பதிந்த முகவரி அப்படியே இருக்கும்.